ஜெனரேட் ஆன ஃபைல்களை எப்படித் துடைக்கிறீர்கள்? எதற்கெடுத்தாலும் மேக் கிளீன் போட்டு ஓய்ந்துவிட்டோம்

தறி எழுதியது:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சி பிளஸ் பிளஸ் புராஜெக்ட், லினக்ஸ், கட்டுவதற்கு ஜிஎன்யு மேக் என்ற கருவி. என்னென்ன மெசேஜ், அதில் என்னென்ன ஃபீல்டு என்று சொல்லும் ஒரு ஸ்கீமா ஃபைல் இருக்கிறது. நாங்களே எழுதிய பைத்தான் ஜெனரேட்டர் அதைப் படித்து ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு ஹெடரும் ஒரு சிபிபியும் எழுதித் தரும். மொத்தம் 400 ஃபைலுக்குப் பக்கம். இவை எல்லாம் கையால் எழுதிய சோர்ஸ் இருக்கும் அதே ஃபோல்டர்களில்தான் விழுகின்றன. ஆரம்பத்தில் யாரோ அப்படி வைத்துவிட்டார்கள், அப்புறம் யாரும் தொடவில்லை.

சிக்கல் இரண்டு. முதலாவது, கிளீன் போடாமல், அதாவது முன்பு உண்டானதை அழிக்காமல், கட்டிய பில்டை நம்ப முடியவில்லை. போன மாதம் ஸ்கீமாவிலிருந்து ஒரு மெசேஜை எடுத்தோம். என் மெஷினில் பில்ட் ஆனது, டெஸ்ட்டும் பாஸ். ஆனால் ஓடும் புரோகிராம் அந்த மெசேஜ் வந்தால் இன்னமும் வாங்கிக்கொள்கிறது. மேக் கிளீன் போட்டு மறுபடி கட்டினால் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து டீமில் எல்லோரும் எதற்கும் முதலில் கிளீன்தான். கிளீனோடு கட்டினால் 26 நிமிடம், இல்லாவிட்டால் 2 நிமிடம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவதுதான் என்னை எழுத வைத்தது. அந்த கிளீன் டார்கெட்டை, அதாவது மேக் கிளீன் என்றால் என்ன செய்ய வேண்டும் என்ற விதியை, எழுதியது நான். பெயர் அண்டர்ஸ்கோர் ஜென் என்று முடியும் எல்லா ஃபைலையும் ஃபைண்ட் கட்டளையால் தேடி அழிக்கும். கூட வேலை செய்பவர் டோக்கன் உருவாக்கும் பகுதியைக் கையால் எழுதி, அதற்கு டோக்கன் அண்டர்ஸ்கோர் ஜென் என்றே பெயர் வைத்திருந்தார். புது ஃபைல், மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட்டில் ஆட் கூடச் செய்யவில்லை. கிளீன் ஓடியது, இரண்டு நாள் வேலை போனது. அவர் கோபப்படவே இல்லை, எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

ஒழுங்கான வழி என்ன? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

கல்தச்சன் எழுதியது:

பெயரை வைத்து அழித்ததுதான் தப்பு. பெயர் என்பது மனிதர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பழக்கம், அதை யாரும் எப்போது வேண்டுமானாலும் மீறலாம், மீறியவருக்குத் தான் மீறினோம் என்றே தெரியாது. ஒரு ஃபைலை மெஷின் எழுதியதா மனிதர் எழுதியதா என்பதை அது இருக்கும் இடம் சொல்ல வேண்டும். ஜெனரேட்டர் எழுதுவது எல்லாம் பில்ட் என்ற ஒரே ஃபோல்டருக்குள், கையால் எழுதுவது ஒன்றுகூட அதற்குள் போகாது என்று வைத்துவிட்டால் கிளீன் என்பது அந்த ஃபோல்டரை அழிப்பது மட்டும்தான். தேட வேண்டாம், பேட்டர்ன் வேண்டாம்.

மேக்கை ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் பெல் லேப்ஸில் எழுதினார். அன்றைக்கும் இன்றைக்கும் அது பார்ப்பது ஃபைலின் நேரத்தை. மேக்குக்கு கிளீன் என்றால் என்னவென்றே தெரியாது, அதுவும் மற்ற டார்கெட் போல ஒரு பெயர்தான். அதனால்தான் அந்த ஃபோல்டரில் தற்செயலாக கிளீன் என்ற பெயரில் ஒரு ஃபைல் இருந்தால் "ஏற்கனவே புதிதாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமல் போய்விடும். அதை ஃபோனி, அதாவது ஃபைல் அல்ல வெறும் பெயர், என்று அறிவித்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இன்னொன்று, எதை அழிக்கிறோம் என்பதில் படிகள் வேண்டும். ஜிஎன்யு விதிமுறையில் நான்கு இருக்கிறது: மோஸ்ட்லி கிளீன், கிளீன், டிஸ்ட் கிளீன், மெயின்டெய்னர் கிளீன். கிளீன் போட்டால் கட்டியது போகும், ஆனால் கன்ஃபிகர் செய்து வந்த அமைப்பு நிற்கும். டிஸ்ட் கிளீனில் அதுவும் போகும். மெயின்டெய்னர் கிளீனில், திரும்ப உண்டாக்கத் தனிக் கருவிகள் தேவைப்படும் ஃபைல்களும் போகும். உங்கள் டீமுக்கு நான்கும் வேண்டியதில்லை, ஆனால் இரண்டாவது இருக்கட்டும். ஒரே கிளீன் மட்டும் இருந்தால் ஆளாளுக்கு அதற்குள் இன்னும் கொஞ்சம் அழிப்பதைச் சேர்த்துக்கொண்டே போவார்கள்.

மின்மினி எழுதியது:

இவ்வளவு எதற்கு? கிட் கிளீன் இருக்கிறதே. கிட்டுக்குத் தெரியாதது எல்லாம் குப்பை, ஒரே வரியில் போய்விடும். நாங்கள் வருடக்கணக்காக அப்படித்தான்.

வலசை எழுதியது:

மின்மினி, அந்த ஒரே வரியில் எந்த எழுத்தைக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சின்ன எக்ஸ் கொடுத்தால் இக்னோர் செய்ததும் போகும், ட்ராக் செய்யாத புது ஃபைலும் போகும். தறியின் நண்பர் எழுதிய டோக்கன் ஃபைல் அதிலும் போயிருக்கும். பெரிய எக்ஸ் கொடுத்தால் இக்னோர் பட்டியலில் உள்ளவை மட்டும் போகும், புதிதாக எழுதி இன்னும் ஆட் செய்யாதது தப்பிக்கும். ஆனால் பெரிய எக்ஸிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இக்னோர் பட்டியலில் ஜெனரேட் ஆனவை மட்டுமா இருக்கின்றன? கடவுச்சொல் போன்றவை இருக்கும் டாட் என்வ் ஃபைல், லோக்கல் டேட்டாபேஸ், எடிட்டர் அமைப்பு, சோதனைக்கு வைத்திருக்கும் சான்றிதழ் எல்லாம் அங்கேதான். கிட்டுக்கு "இதை கமிட் செய்யாதே" என்று சொல்வதும் "இதை அழித்தால் பரவாயில்லை" என்று சொல்வதும் வேறு வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதி வைத்திருக்கிறோம் நாம்.

எப்போதும் முதலில் சின்ன என் போட்டு, எதை அழிக்கப் போகிறது என்று காட்டச் சொல்லுங்கள். சின்ன எக்ஸ் கொடுக்கும்போது, காப்பாற்ற வேண்டியதை ஈ கொடுத்து விலக்கலாம்.

மின்மினி எழுதியது:

டாட் என்வ் போன கதை எனக்கும் ஒரு தடவை நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. அதற்கப்புறம் அதை ரெப்போவுக்கு வெளியே வைத்துவிட்டேன்.

ஆனால் என் அடிப்படை வாதம் அப்படியேதான் இருக்கிறது. சுத்தமான இடத்தில் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கட்டுவது ஒன்றுதான் முழுமையாக நம்பத் தகுந்தது. எதையெல்லாம் மறுபடி கட்ட வேண்டும் என்று ஒரு கருவி ஊகிப்பதில் ஒரு தப்பு வந்தால், அதைத் தேடி மனிதர் செலவழிக்கும் ஒரு நாளுக்கு எத்தனையோ 26 நிமிடங்களை வாங்கலாம்.

ஆழி எழுதியது:

மின்மினி சொல்வது ரிலீஸ் பில்டுக்குச் சரி. சிஐயில், அதாவது தானாகக் கட்டிச் சோதிக்கும் சர்வரில், ரிலீஸுக்குப் போகும் பில்ட் காலி கண்டெய்னரில்தான் நடக்க வேண்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு டெவலப்பர் ஒரு வரியை மாற்றிவிட்டு 26 நிமிடம் உட்கார்ந்திருப்பது வேறு. அந்த நேரத்தில் அவர் என்ன யோசித்துக்கொண்டிருந்தாரோ அது கலைந்துவிடும். கொஞ்ச நாளில் சின்னச் சின்னதாகச் சோதித்துப் பார்க்கும் பழக்கமே போய்விடும்.

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. கிளீன் போட்டால் சரியாகிறது என்றால் பில்ட் விதியில் ஒரு சார்பு விடுபட்டிருக்கிறது என்று பொருள். பேசல் என்ற பில்ட் கருவி இந்த இடத்தில்தான் பிடிவாதமாக இருக்கும். கிளீன் போடாமல் தப்பான விடை வந்தால் அதை பக் என்று எழுதச் சொல்வார்கள். மேக்கில் அந்த அளவுக்கு வராது, ஆனால் நெருங்கலாம்.

தறி, உங்கள் முதல் சிக்கலுக்கு வருகிறேன். மெசேஜை எடுத்த பிறகும் புரோகிராம் அதை வாங்கிக்கொண்டது எப்படி? கம்பைல் ஆகி வரும் ஆப்ஜெக்ட்களை (டாட் ஓ) ஒரு டாட் ஏ லைப்ரரியில் தொகுத்துப் போடுகிறீர்களா? சிபிபி பட்டியலை வைல்ட்கார்டு வைத்து, அதாவது ஃபோல்டரில் இருப்பதை எல்லாம், எடுக்கிறீர்களா? ஒவ்வொரு மெசேஜும் தன்னைத் தானே ஒரு பதிவேட்டில் சேர்த்துக்கொள்கிறதா?

தறி எழுதியது:

மூன்றுக்கும் ஆமாம். வைல்ட்கார்டுதான். ஒரு ஸ்டேட்டிக் லைப்ரரியில் போகிறது. ஒவ்வொரு சிபிபியிலும் ஒரு குளோபல் ஆப்ஜெக்ட் இருக்கிறது, புரோகிராம் தொடங்கும்போது அது பதிவேட்டில் தன் பெயரைச் சேர்க்கும். அதற்காக லிங்க் செய்யும்போது, லைப்ரரியில் இருக்கும் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லும் ஹோல் ஆர்கைவ் கொடுக்கிறோம், இல்லாவிட்டால் யாரும் கூப்பிடாத ஆப்ஜெக்ட்களை லிங்கர் எடுக்காது.

கல்தச்சன் சொன்னபடி ஜெனரேட்டரின் வெளியீட்டை பில்டுக்குள் ஜென் என்ற ஃபோல்டருக்கு இன்று மாற்றினேன். இன்க்ளூட் பாதையில் ஒன்று கூடியது, எடிட்டருக்கும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இவ்வளவு நாள் பயந்ததற்கு அரை நாள் வேலைதான். ஜெனரேட்டரும் தொடங்கும் முன் ஜென் ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு எழுதுகிறது.

ஆனால் சோதனைக்கு இன்னொரு மெசேஜை எடுத்துப் பார்த்தேன். ஜென் ஃபோல்டரில் அதன் சிபிபி இல்லை, புரோகிராமில் மட்டும் இன்னும் இருக்கிறது! கூடவே, ஸ்கீமாவில் ஒரு எழுத்து மாறினாலும் 400 ஃபைலும் மறுபடி கம்பைல் ஆகிறது.

ஆழி எழுதியது:

எதிர்பார்த்ததுதான். ஏஆர் என்ற கருவி லைப்ரரியை எப்படிப் புதுப்பிக்கிறது என்று பாருங்கள். எல்லோரும் கொடுக்கும் ஆர் என்ற எழுத்துக்கு "மாற்று அல்லது சேர்" என்று பொருள். நீங்கள் கொடுக்கும் ஆப்ஜெக்ட் உள்ளே இருந்தால் மாற்றும், இல்லாவிட்டால் சேர்க்கும். கொடுக்காத ஒன்று உள்ளே இருந்தால் அதைத் தொடாது. எனவே சிபிபி போய், டாட் ஓ போய், பட்டியலிலிருந்து பெயரும் போன பிறகும் பழைய ஆப்ஜெக்ட் டாட் ஏ வயிற்றுக்குள் பத்திரமாக இருக்கும். ஹோல் ஆர்கைவ் கொடுப்பதால் லிங்கர் அதையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது, அது தன்னைப் பதிவும் செய்துகொள்கிறது. ஏஆர் டி என்று கொடுத்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள், போன மெசேஜ் நிற்கும்.

உடனே வரும் யோசனை, ஏஆர் கூப்பிடும் முன் டாட் ஏவை அழித்துவிடலாம் என்பது. அதைச் செய்யத்தான் வேண்டும், ஆனால் போதாது. அந்த ரெசிபி, அதாவது விதியில் எழுதிய கட்டளைகள், எப்போது ஓடும்? லைப்ரரியை விடப் புதிய ஆப்ஜெக்ட் ஒன்று இருந்தால். ஒரு ஆப்ஜெக்ட் பட்டியலிலிருந்து விலகியது மட்டும் நடந்து மற்றது எதுவும் மாறவில்லை என்றால் எல்லா ஆப்ஜெக்ட்டும் பழசு, லைப்ரரி புதுசு, மேக் பேசாமல் போய்விடும். இருக்கும் ஃபைலின் நேரத்தைத்தான் மேக் பார்க்கும், இல்லாமல் போன ஃபைலுக்கு நேரம் ஏது? மக்கள் கிளீனை நம்பி வாழ்வதற்கு மிகப் பெரிய காரணம் இந்த ஒரு குருட்டுப் புள்ளி என்று நினைக்கிறேன்.

தீர்வு, பட்டியலையே ஒரு ஃபைலாக ஆக்குவது. ஜெனரேட்டர் வேலை முடிந்ததும் தான் எழுதிய ஃபைல்களின் பெயரை வரிசைப்படுத்தி ஒரு தற்காலிகப் பட்டியலில் எழுதட்டும். பழைய பட்டியலோடு ஒப்பிட்டு வேறுபட்டால் மட்டும் அதன் இடத்தில் வையுங்கள், ஒன்றாக இருந்தால் பழையதைத் தொடாதீர்கள், நேரம் மாறக்கூடாது. லைப்ரரி அந்தப் பட்டியலையும் சார்ந்திருக்கிறது என்று விதியில் எழுதுங்கள். இப்போது ஒரு மெசேஜ் போனால் பட்டியல் மாறும், பட்டியல் மாறினால் லைப்ரரி புதிதாகக் கட்டப்படும்.

வைல்ட்கார்டையும் விட்டுவிடுங்கள். மேக்ஃபைலைப் படிக்கும் நேரத்திலேயே அது விரிந்துவிடும், அப்போது ஜெனரேட்டர் ஓடியே இருக்காது. பட்டியலை மேக் மொழியிலேயே ஒரு மாறியாக எழுதி இன்க்ளூட் செய்தால், அந்த ஃபைல் புதிதாக உண்டானதும் ஜிஎன்யு மேக் தானே எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி படிக்கும். இதில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. மேக் கிளீன் என்றாலும் முதலில் ஜெனரேட்டரை ஓட்டிப் பட்டியலை உண்டாக்கிவிட்டு அப்புறம் அழிக்கும். கேட்ட டார்கெட் கிளீனாக இருந்தால் இன்க்ளூட் வேண்டாம் என்று ஒரு நிபந்தனை வைத்துவிடுங்கள்.

400 ஃபைல் மறுபடி கம்பைல் ஆவதற்கும் காரணம் இதேதான், நீங்கள் ஜென்னைக் காலி செய்து எல்லாவற்றையும் புது நேரத்தோடு எழுதுகிறீர்கள். வேறு ஃபோல்டரில் ஜெனரேட் செய்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வைத்து ஜென்னுக்குக் கொண்டுவாருங்கள், உள்ளடக்கத்தை ஒப்பிடச் சொல்லி, கூடவே டிலீட் கொடுத்து, நேரத்தை நகலெடுக்கும் டி என்ற எழுத்தைக் கொடுக்காமல். மாறாத ஃபைல் பழைய நேரத்தோடு அப்படியே இருக்கும், மாறியது மட்டும் புதுசாகும், மூலத்தில் இல்லாதது அழியும்.

பனித்துளி எழுதியது:

நான் டைப்ஸ்கிரிப்ட் பக்கம். அங்கேயும் அச்சு அசலாக இதே கதைதான். ஒரு டிஎஸ் ஃபைலை அழித்தாலும் டிஸ்ட் ஃபோல்டரில் அதன் ஜேஎஸ் அப்படியே கிடக்கும், கம்பைலர் அதை எடுக்காது. எங்கள் பேக்கேஜில் ஒரு தடவை எப்போதோ நீக்கிய மாட்யூல் வெளியே போய்விட்டது, யாரோ அதை இம்போர்ட் செய்து பயன்படுத்தவும் ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் எங்களால் அதை எடுக்கவே முடியவில்லை.

சரி என்று பில்டுக்கு முன் டிஸ்ட்டை அழிக்க ஆரம்பித்தோம். அடுத்த பள்ளம். இன்கிரிமென்டல் என்று வைத்தால் டிஎஸ்பில்ட்இன்ஃபோ என்று ஒரு ஃபைல் எழுதும், எதையெல்லாம் ஏற்கனவே கட்டியாயிற்று என்ற குறிப்பு. எங்கள் அமைப்பில் அது டிஸ்ட்டுக்கு வெளியே விழுந்தது. டிஸ்ட் அழிந்தது, குறிப்பு நின்றது. கம்பைலர் குறிப்பைப் பார்த்து "எல்லாம் செய்தாயிற்றே" என்று ஒன்றும் எழுதாமல் முடித்துவிட்டது, எர்ரரும் இல்லை. காலி பேக்கேஜ் போகாமல் கடைசி நிமிடத்தில் பிடித்தோம்.

அன்று கற்றுக்கொண்டது, வேலை முடிந்தது என்ற குறிப்பும் அந்த வேலையில் உண்டான ஃபைல்களும் ஒரே இடத்தில் இருந்து ஒன்றாகவே அழிய வேண்டும். ஒன்று மட்டும் போனால் எதுவும் போகாததைவிட மோசம்.

கல்தச்சன் எழுதியது:

பனித்துளி சொன்னது மேக்கில் ஸ்டாம்ப் ஃபைல் (வேலை முடிந்தது என்று குறிக்கும் ஃபைல்) வைப்பவர்களுக்கும் அப்படியே பொருந்தும். ஒரு ஸ்கீமாவிலிருந்து பல ஃபைல் வரும்போது ஸ்டாம்ப் வைப்பது பழைய வழக்கம். ஜிஎன்யு மேக் 4.3இலிருந்து பல டார்கெட்டை ஒரே தொகுப்பாக அறிவிக்க முடிகிறது, முடிந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஸ்டாம்ப்தான் என்றால் அது ஜென் ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே பில்டுக்குள் இருக்கட்டும்.

பாதியில் நின்ற ஃபைல் பற்றி யாரும் சொல்லவில்லை. ஜெனரேட்டர் ஒரு ஃபைலைப் பாதி எழுதி எர்ரரோடு விழுந்தால் அந்தப் பாதி ஃபைலுக்கும் புது நேரம் இருக்கும், அடுத்த தடவை மேக் அது முடிந்தது என்று நம்பும். டெலிட் ஆன் எரர் என்ற சிறப்பு டார்கெட்டை மேக்ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டால் ரெசிபி தோற்கும்போது அந்த டார்கெட்டை மேக்கே அழித்துவிடும். இயல்பாகவே இருந்திருக்க வேண்டியது, இல்லை, அதனால் நாம்தான் எழுத வேண்டும்.

ஹெடர் நீங்கினால் "இதை உண்டாக்க விதி இல்லை" என்று மேக் நின்றுவிடுவதும் பலரைக் கிளீன் போட வைக்கிறது. ஜிசிசியில் சார்பு ஃபைல் எழுதச் சொல்லும்போது எம்பி என்ற தேர்வையும் சேர்த்துக் கொடுத்தால் அது தீரும்.

மின்மினி எழுதியது:

ஏஆர் விஷயம் எனக்குத் தெரியாது. எங்கள் லைப்ரரியைத் திறந்து பார்த்தேன், எப்போதோ போன ஆப்ஜெக்ட் இரண்டு உள்ளே கிடக்கிறது. சிஐயில் கிளீன் பில்ட் என்பதால் வெளியே போகவில்லை, எங்கள் மெஷின்களில் மட்டும் இருக்கிறது. அதாவது நாங்கள் சோதிப்பது ஒன்று, வெளியே போவது இன்னொன்று. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுவடி எழுதியது:

நான் வேறு வழியில் போகிறவன். ஜெனரேட் ஆன ஃபைல்களை ரெப்போவிலேயே கமிட் செய்துவிடுகிறோம். கிட்டே பார்த்துக்கொள்ளும். பிராஞ்ச் மாற்றினால் அந்தந்தப் பிராஞ்சின் ஃபைல்கள் வந்துவிடும், பழசு நிற்காது. எங்கள் லைப்ரரியை எடுப்பவருக்கு ஜெனரேட்டரை நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. கோ மொழியில் பலர் செய்வது இதுதான், தொடக்கத்தில் "இது ஜெனரேட் ஆனது, திருத்தாதே" என்ற வரியோடு. ஜெனரேட்டரை மாற்றும்போது வெளியீட்டில் என்ன மாறுகிறது என்பது ரிவ்யூவில் கண்ணுக்குத் தெரியும், அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

வலசை எழுதியது:

சுவடி, அதற்கு ஒரு காவல் வைத்திருக்கிறீர்களா? இல்லாவிட்டால் ஸ்கீமாவை மாற்றியவர் ஜெனரேட்டரை ஓட்ட மறந்துவிடுவார், அல்லது யாரோ ஜெனரேட் ஆன ஃபைலிலேயே கை வைத்துத் திருத்திவிடுவார்.

சுவடி எழுதியது:

உண்டு. சிஐ ஜெனரேட்டரை ஓட்டும். ஓட்டும் முன் அந்த ஃபோல்டரைக் காலி செய்யும், இதை விட்டால் நீங்கிய மெசேஜின் ஃபைல் அப்படியே நிற்கும், சோதனையும் பாஸ் ஆகும். அப்புறம் கிட் ஸ்டேட்டஸில் ஒரு வரி வந்தாலும் பில்ட் தோற்கும். டிஃப் மட்டும் பார்த்தால் புதிதாக முளைத்த ஃபைல் தெரியாது, அதனால் ஸ்டேட்டஸ். 400 ஃபைல் என்றால் மெர்ஜ் மோதல் தொந்தரவு இருக்கும், தறிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நெய்தல் எழுதியது:

சிஐ மெஷினில் கிளீனே தோற்பது எங்கள் தலைவலி. கண்டெய்னருக்குள் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, பில்ட் ஓடி, வெளியே இருக்கும் ஃபோல்டரில் ரூட் பெயரில் ஃபைல் விழுகிறது. அடுத்த வேலை அழிக்கப் போனால் அனுமதி இல்லை. கண்டெய்னரை அதே பயனர் எண்ணோடு ஓட்டுவதுதான் சரியான வழி. சுடோ கொடுத்து ரூட் அதிகாரத்தோடு அழிக்க வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அது வேண்டாம்.

வலசை எழுதியது:

நெய்தல் சுடோ என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. ஃபோல்டர் பெயர் மாறியில் இருந்து, அந்த மாறி காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவரும் தங்கள் கிளீன் டார்கெட்டை இப்போதே திறந்து பாருங்கள். 2015இல் லினக்ஸுக்கான ஸ்டீம் ஸ்கிரிப்டில் நடந்தது அதுதான். ஃபோல்டரின் பாதையைக் கண்டுபிடிக்கும் வரி தோற்று மாறி காலியானது, பின்னால் இருந்த சாய்கோடும் நட்சத்திரமும் மட்டும் மிஞ்சின, பயனரால் அழிக்க முடிந்த எல்லாவற்றையும் ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளை அழித்துக்கொண்டே போனது. அதற்கு முன் 2011இல் பம்பிள்பீ என்ற புராஜெக்டின் நிறுவும் ஸ்கிரிப்டில் பாதையின் நடுவே ஒரே ஒரு இடைவெளி, யுஎஸ்ஆர் ஃபோல்டர் முழுவதும் போனது.

ஜிஎன்யு ஆர்எம் வெறும் சாய்கோட்டை மட்டும் கொடுத்தால் மறுக்கும், சாய்கோடு நட்சத்திரம் என்றால் மறுக்காது, ஏனென்றால் நட்சத்திரத்தை ஷெல் முன்பே விரித்துவிடும். ஷெல்லில் மாறியின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போட்டால் காலியாக இருக்கும்போது அங்கேயே நின்றுவிடும். மேக்கில் எரர் ஃபங்ஷன் வைத்து நிறுத்தலாம். நான் இன்னும் ஒரு படி வைக்கிறேன். பில்ட் ஃபோல்டரை உண்டாக்கும்போதே உள்ளே ஒரு அடையாள ஃபைல் வைப்பேன், கிளீன் அந்த அடையாளம் இருந்தால் மட்டும் அழிக்கும். ரஸ்டின் கார்கோ தன் டார்கெட் ஃபோல்டருக்குள் கேஷ்டிர் டேக் என்ற ஃபைல் வைப்பது பேக்கப் கருவிகளுக்காக, ஆனால் யோசனை அங்கிருந்துதான் வந்தது.

அப்புறம், மேக் கிளீன் ஆல் என்று ஒரே வரியில் ஜே 8 (ஒரே நேரத்தில் எட்டு வேலை) கொடுத்து ஓட்டுபவர்கள் கவனியுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். ஒரு பக்கம் கட்டக் கட்ட மறுபக்கம் அழிக்கும். பெரும்பாலும் கிளீன் முந்திவிடுவதால் ஒன்றும் தெரியாது, என்றாவது ஒரு நாள் விளங்காத எர்ரராக வரும். இரண்டு தனி அழைப்பாகப் பிரித்துவிடுங்கள்.

தறி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, உண்மையாகவே. ஆழி சொன்னதை அப்படியே செய்தேன். ஏஆர் பட்டியலில் போன மெசேஜ் மட்டுமல்ல, நாங்கள் மறந்தே போன ஐந்து ஆப்ஜெக்ட் உள்ளே இருந்தன. இப்போது பட்டியல் ஃபைல், ஆர்சிங்க், டாட் ஏவை அழித்துக் கட்டுவது மூன்றும் இருக்கிறது. ஒரு மெசேஜை எடுத்தால் புரோகிராமிலிருந்து உடனே போகிறது, கிளீன் இல்லாமல், ஒன்றரை நிமிடத்தில். டெலிட் ஆன் எரர் சேர்த்தாயிற்று. கிளீன் டார்கெட் மூன்று வரியாகச் சுருங்கிவிட்டது, ஃபைண்ட் ஒன்றும் இல்லை.

மின்மினி கவலைப்பட்டதற்காக இரவில் ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்கக் கிளீன் இல்லாமல் ஓடிய ஃபோல்டரில் ஒரு பில்ட், காலி ஃபோல்டரில் ஒரு பில்ட், இரண்டு புரோகிராமிலும் என்எம் என்ற கருவி வைத்து உள்ளே இருக்கும் பெயர்ப் பட்டியல் எடுத்து ஒப்பிடும். வேறுபட்டால் எனக்கு மெயில். மூன்று இரவு ஒன்றும் வரவில்லை.

ஆனால் ஒரே ஒருவர் மெஷினில் மட்டும் பழைய ஃபீல்டு இன்னும் தெரிகிறது. டோக்கன் எழுதிய அதே நண்பர். ஜென் ஃபோல்டரில் ஹெடர் சரியாக இருக்கிறது, கம்பைலர் மட்டும் வேறு எதையோ படிக்கிறது.

ஆழி எழுதியது:

அவர் சோர்ஸ் ஃபோல்டரில் பழைய ஹெடர்கள் கிடக்கின்றன. ஜெனரேட்டர் முன்பு அங்கே எழுதியவை, இக்னோர் பட்டியலில் இருப்பதால் கிட் காட்டாது, புது கிளீன் பில்ட் ஃபோல்டரை மட்டும் பார்ப்பதால் அதுவும் தொடாது. இரட்டை மேற்கோளில் இன்க்ளூட் செய்தால், அந்த வரி இருக்கும் ஃபைலின் ஃபோல்டரில்தான் முதலில் தேடும், உங்கள் இன்க்ளூட் பாதை அதற்கு அப்புறம்தான். எனவே பழைய ஹெடர் முந்திக்கொள்கிறது. உங்கள் மெஷினில் ஃபைண்ட் வைத்த பழைய கிளீனைக் கடைசியாக ஒரு தடவை போட்டிருப்பீர்கள். டோக்கன் ஃபைல் போன பிறகு அவர் அதைப் போடவே பயந்திருப்பார்.

வலசை எழுதியது:

லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் ரிமூவ் ஸ்டேல் ஃபைல்ஸ் என்று ஒன்று இருக்கிறது. முன்பு ஓரிடத்தில் உண்டாகி இப்போது இடம் மாறிய அல்லது நின்றுபோன ஃபைல்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்திருப்பார்கள், பில்டின்போது அவை இருந்தால் அழிக்கும். பேட்டர்ன் வைத்துத் தேடுவது போலில்லை, எது என்று தெரிந்த பெயர்கள். உங்கள் இடமாற்றத்துக்கு முந்தைய கமிட்டில் ஒரு தனி நகலில் ஜெனரேட்டரை ஓட்டி, அது எழுதிய பெயர்களை எடுத்து, கிட் ட்ராக் செய்யும் ஃபைல் எதுவும் அதில் இல்லை என்று சரிபார்த்துவிட்டு ஸ்கிரிப்டில் போடுங்கள். சில மாதம் இருக்கட்டும், அப்புறம் எடுத்துவிடலாம். இக்னோரில் இருக்கும் பழைய பேட்டர்னையும் நீக்குங்கள், அப்போதுதான் மிச்சம் எதுவும் இருந்தால் கிட் ஸ்டேட்டஸில் தெரியும்.

தறி எழுதியது:

அதேதான். அவர் ஃபோல்டரில் 38 பழைய ஹெடர். பயந்துதான் கிளீன் போடவில்லை என்று அவரே சொன்னார்.

பெயர்ப் பட்டியலோடு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன், ஏன் இருக்கிறது, எப்போது எடுக்கலாம் என்று மேலே குறிப்பும் போட்டேன். அழிக்கும் முன் ஃபைலின் முதல் வரியில் ஜெனரேட்டரின் அடையாளம் இருக்கிறதா என்றும் பார்க்கிறது. இக்னோரிலிருந்து பேட்டர்னை எடுத்தேன். அவர் மெஷினில் முதலில் அழிக்காமல் காட்ட மட்டும் சொல்லி ஓட்டினோம், இருவரும் உட்கார்ந்து 38 பெயரையும் படித்தோம், திரும்ப எழுதிய டோக்கன் ஃபைல் அதில் இல்லை. அப்புறம் அவரே என்டரைத் தட்டினார். பில்ட் சரியாக வந்தது.